பென்சிலில் பதினொன்று

டீக்கு முன்னால் பென்சில், டீக்குப் பிறகு பேனா. இந்த நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு என்று ஒன்று எப்போது ஆரம்பித்ததோ அப்போதே ஆரம்பித்த வழக்கம். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது, எப்பவும் அப்படித்தான் மேடம் என்பார்கள். நாலு பேர் உட்கார்ந்து பிள்ளைகளைக் கேள்வி கேட்பது, ஆளுக்கு முப்பதுக்கு இத்தனை என்று பென்சிலால் போடுவது, ஆபீஸ் அம்மா அதைக் கூட்டி நாலால் வகுத்து, நுழைவுத் தேர்வில் எழுபதுக்கு வாங்கினதோடு சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, பிறகு டீ, டீ முடிந்ததும் அதே எண்ணின் மேல் பேனாவை ஓட்டிக் கையெழுத்து. அவ்வளவுதான் ஒரு பிள்ளையின் ஐந்து வருஷப் படிப்பு. அந்த டீக்கான இருபது நிமிஷத்தில்தான் கோகிலா இரண்டாம் மாடி வராந்தாவில் காகிதக் கோப்பையோடு நின்றிருந்தாள். மணி நாலு பத்து. உள்ளே மேஜையில் தாள் கிடக்கிறது. எஸ்.சி. லிஸ்ட், ஆறு இடம், ஐந்து நிரம்பியாகிவிட்டது. ஆறாவதுக்கு மிச்சம் இருப்பது ஒரே பெயர், இலக்கியா, ஊர் போளூர் பக்கம். நுழைவுத் தேர்வில் முப்பத்தைந்து. நேர்முகத்தில் தலைவர் விஸ்வநாதன் பதினேழு, ஹேமலதா மேடம் பதினாறு, குணசேகரன் பதினைந்து, கோகிலா பதினொன்று. சராசரி பதினாலே முக்கால். மொத்தம் நாற்பத்தொன்பதே முக்கால். ஐம்பது வந்தால் இடம் உண்டு, வராவிட்டால் 'தகுதியானவர் இல்லை' என்று எழுதிவிட்டு அந்த நாற்காலியைக் காலியாக விட்டுவிடுவார்கள். கால் மார்க்! ஆபீஸ் அம்மா நாற்பத்தொன்பது புள்ளி ஏழு ஐந்து என்று படித்தபோது அறையில் நாலு பேரும் நிமிர்ந்தார்கள், கோகிலாவும் நிமிர்ந்தாள், தனக்குச் சம்பந்தமில்லாத சேதியைக் கேட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. நல்ல நடிப்பு. நாலு பேரில் குறைச்சலாகப் போட்டது யார்? அந்தப் பெண்ணுக்காகப் பேச ஒரு ஆள் இருக்கட்டும் என்று சட்டமே பார்த்து உட்கார வைத்த ஆள்தான்.

பிரதிநிதி. அதுதான் அவள் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போடுவது. மற்ற மூன்று பேருக்கும் பேராசிரியர், பேராசிரியர், இணைப் பேராசிரியர். அவளும் பேராசிரியர்தான், பதினெட்டு வருஷ சர்வீஸ், தொழிலாளர் பொருளாதாரத்தில் அவள் எழுதின கட்டுரையைத்தான் இதே ஹேமலதா மேடம் பாடத்தில் வைத்திருக்கிறாள், ஆனாலும் இந்த மேஜைக்கு வந்தால் பிரதிநிதி. கோகிலா மேடம் வந்துட்டாங்களா, அப்ப ஆரம்பிச்சிடலாம் என்பார் விஸ்வநாதன், மனுஷர் மரியாதையாகத்தான் சொல்வார், அவள் வராவிட்டால் கூட்டம் செல்லாது, அவள் வந்துவிட்டால் வேறொன்றும் அவளிடம் தேவையில்லை. டீ ஆறிக்கொண்டு வந்தது. ஒரு வாய் குடித்தாள், சர்க்கரை தூக்கலாக இருந்தது, நாக்கில் ஒட்டியது. முதல் வருஷம் அவள் இப்படியா போட்டாள்? முதல் வருஷம், அப்போது கன்னத்தில் இந்தக் கருந்திட்டுகூட வரவில்லை, செங்கத்துப் பையன் ஒருத்தன் வந்தான், என்ன அழகாகப் பேசினான், முப்பதுக்கு இருபத்துநாலு போட்டாள், மனசு நிறைந்து போட்டாள். அப்போது தலைவராக இருந்த கிழவர், இப்போது ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார், தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தாய்ப்பாசம் பொங்குதே!" இரண்டே வார்த்தை. மேஜையே சிரித்தது. அவளும் சிரித்தாள், அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை, அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே ரப்பரை எடுத்து இருபத்துநாலை அழித்து இருபது ஆக்கினாள். பையனுக்கு இடம் கிடைத்துவிட்டது, அதனால் தப்பு ஒன்றும் நடக்கவில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் யாரும் சிரிப்பதற்கு முன்னாலேயே இரண்டு குறைத்துப் போட்டாள். அதற்கடுத்து நாலு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்தால் நாம் கொஞ்சம் ஒடுங்கிக்கொள்வோமே, அப்படி. கோகிலா மேடம் கறார், சொந்தக்காரங்கன்னு பாக்கமாட்டாங்க என்று ஒரு பெயர் வந்தது, அந்தப் பெயர் வந்த அன்றைக்கு அவளுக்கு என்னவோ பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது, வீட்டுக்குப் போய் மோகனிடம் சொன்னாள். புருஷன் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "யாரோட சொந்தக்காரங்க?" என்று கேட்டான். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆனால் பாதியாகக் குறைத்தது இன்றைக்குத்தான். பாதி! இருபத்திரண்டு போடத்தான் பென்சிலை வைத்தாள். அதில் சந்தேகமே இல்லை, மண்டைக்குள் இருபத்திரண்டு என்று எண் முழுசாக வந்து நின்றது, பென்சில் முனை தாளைத் தொட்டது, விழுந்தது பதினொன்று. எப்படி? அந்தப் பெண் உள்ளே வந்ததிலிருந்தே கோகிலா அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலச் சுடிதார், துப்பட்டாவை இரண்டு பக்கமும் ஊக்கு குத்தி, பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் மாதிரி. ஹேமலதா மேடம் இங்கிலீஷில் கேட்டாள், பணவீக்கம் என்றால் என்ன. அந்தப் பெண் மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைச் சொன்னாள், மூன்றாவது வரியில் மாட்டிக்கொண்டாள், திரும்ப முதல் வரிக்குப் போனாள். குணசேகரன் ஜன்னலைப் பார்த்தார். அப்போதுதான் கோகிலா வாயைத் திறந்தாள். "தமிழ்லயே சொல்லும்மா. பணவீக்கம் வேணாம், உங்க ஊர்ல உனக்குப் புரியாத ஒரு விஷயம் சொல்லு." இலக்கியா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "பஸ்ஸு மேடம்." என்ன பஸ்ஸு? "எங்க ஊருக்கு சாயந்திரம் நாலு நாப்பதுக்கு ஒரு பஸ் வந்துச்சு மேடம், நிறுத்திட்டாங்க. ஏறுறதுக்கு ஆள் இல்லன்னு சொன்னாங்க. டெப்போவுல மனு குடுக்கலாம்னு நான் ரெண்டு வாரம் அந்த நேரத்துக்கு ஸ்டாப்புல நின்னு, வேற வண்டி கெடைக்குமான்னு வர்றவங்கள எண்ணினேன். அவங்க சொன்னது சரிதான், ஆறு பேரு, ஏழு பேருதான் வந்தாங்க. நோட்டுல எழுதிட்டு வீட்டுக்கு வந்து பாத்தா எங்க தெருவுலயே பதினோரு பொண்ணுங்க பஸ் இல்லன்னு பத்தாவதோட நின்னுட்டாங்க. அவங்க ஸ்டாப்புக்கே வரலியே. நிக்கிறவங்களத்தானே மேடம் எண்ண முடியும்? வராதவங்கள எங்க நின்னு எண்ணுறது? அதுதான் எனக்குப் புரியல." விஸ்வநாதன் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நேராக உட்கார்ந்தார். அடி ராசாத்தி! எம்.ஏ. இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகளிடம் அரை நாள் தொண்டை கிழியக் கத்தினாலும் ஏறாத விஷயம், இது பஸ் ஸ்டாப்பில் நின்று கண்டுபிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம், முகமெல்லாம் சூடாகி, கண்ணோரம் நனைந்து, எழுந்து போய்க் கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது. அந்த நிமிஷத்தில்தான் ஹேமலதா மேடம் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். சும்மாதான் பார்த்தாள். பார்த்து லேசாகப் புன்னகைகூடச் செய்தாள். போதாதா? பார்த்துவிட்டாள், நம் முகத்தைப் பார்த்துவிட்டாள், பொங்குதே, தாய்ப்பாசம் பொங்குதே. கை தானாகப் பதினொன்று போட்டது.

கை தானாகப் போட்டதாம். கையை ஏன் குறை சொல்ல வேண்டும். கோகிலா கோப்பையை வராந்தாக் கட்டைச்சுவரில் வைத்தாள். சரி, நேர்முகம் போகட்டும், அந்தப் பெண் நுழைவுத் தேர்வில் இன்னும் கால் மார்க் எடுத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லையே என்று தன்னைத் தானே சமாதானம் பண்ணிப் பார்த்தாள், பண்ணும்போதே அந்த மார்க் தாள் கண்ணுக்குள் வந்து நின்றது. மொத்தக் கேள்வி எழுபது. சரி நாற்பத்திரண்டு. தவறு இருபத்தெட்டு. விட்டது பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தவறுக்குக் கால் கால் மார்க்காகக் கழிப்பார்கள், இருபத்தெட்டுக்கு ஏழு போய்விட்டது. கோச்சிங் போன பிள்ளை ஒன்றுகூட இப்படிச் செய்யாது, தெரியாததை விடு, தொடாதே, தப்பைவிட வெறும் கட்டம் மேல் என்று முதல் நாளே மண்டையில் ஏற்றியிருப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காத பிள்ளைதான் ஒன்றையும் விடாது. வாத்தியார் சொல்லியிருப்பார், தெரியாட்டியும் ஏதாவது எழுது, பேப்பரை வெறுமையா வைக்காதே. பள்ளிக்கூடத்தில் அது நல்ல பிள்ளையின் லட்சணம். இருபத்தெட்டில் ஒன்றே ஒன்றை விட்டிருந்தாலே அந்தக் கால் மார்க் கூடியிருக்கும், இங்கே யாரும் யாருடைய பென்சிலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கோகிலாவும் அப்படித்தானே. தொண்ணூற்றைந்தில், இதே நிறுவனம், இதே நுழைவுத் தேர்வு, அப்போது கம்ப்யூட்டர் இல்லை, வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். அரக்கோணம் ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அப்பா அவளைப் பரீட்சை ஹாலுக்கு வெளியே விட்டுவிட்டு, "ஒண்ணையும் விட்டுறாதடா கண்ணு" என்றார். அவள் ஒன்றையும் விடவில்லை. கடைசி ஐந்து நிமிஷம் கேள்வியைக்கூடப் படிக்காமல் வட்டம் வட்டமாகக் கறுப்பாக்கினாள், விரல் மரத்துப்போனது. நாற்பத்தொன்று வந்தது, அப்போது இந்த ஐம்பது வரம்பு கிடையாது, இடம் கிடைத்தது.

நாற்பத்தொன்று. இந்த எண் என்ன பாவம் செய்ததோ. அப்போதெல்லாம் லிஸ்ட்டைப் பெயர், பிரிவு, மார்க் மூன்றும் போட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டுவார்கள். பொதுப் பட்டியலில் கடைசிப் பிள்ளை அறுபத்துமூன்று. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அவள். யாரும் திட்டவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை, நியாயமாகச் சொல்ல வேண்டுமே. ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரி ஒருத்திதான் ஒரு நாள் தோழியிடம், "ஃபார்ட்டி ஒன் குளிக்கப் போயிருக்கா, வந்ததும் சொல்றேன்" என்றாள். கதவுக்கு இந்தப் பக்கம் ஈரத் தலையோடு நின்றிருந்தாள் கோகிலா. அதற்கப்புறம் முதல் செமஸ்டரில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தாள், கடைசி வருஷம் தங்கப் பதக்கம், எத்தனை வந்து என்ன, காதில் விழுந்தது விழுந்ததுதான். வீடு வாங்கும்போது நல்ல ஃபிளாட், கிழக்குப் பார்த்தது, கதவு எண் நாற்பத்தொன்று, வேண்டாம் என்று விட்டாள். மோகனிடம் தண்ணீர் சரியில்லை என்றாள். நாற்பத்தோரு வயசு முடிந்தபோது மோகனும் மகள் மதுவும் கேக் வாங்கி வந்து நாலும் ஒன்றுமாக மெழுகுவத்தி குத்திவைத்தார்கள். ஊதி அணைத்த கையோடு இரண்டையும் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். பிள்ளை மிரண்டு போய்விட்டது. அந்த மதுதான் இப்போது பன்னிரண்டாவது, போன ஞாயிற்றுக்கிழமை இட்லியைப் பிட்டுக்கொண்டே சொல்கிறாள், "அம்மா, நான் சர்ட்டிஃபிகேட் வெக்காம ஓப்பன்லயே அப்ளை பண்றேன்." ஏன்டி? "சும்மா. யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாதுல்ல." யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது. இது யார் பேச்சு? பிள்ளை எங்கேயிருந்து படித்தது இதை? ஒரு நாளும் அவள் வீட்டில் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலேயே கற்றுக்கொடுத்திருக்கிறாள் போலிருக்கிறது, மெழுகுவத்தியைக் குப்பையில் போட்டே கற்றுக்கொடுத்திருக்கிறாள். மணி நாலு பதினெட்டு.

கீழே பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே கீழே பார்த்தாள். வாகை மரத்தடியில் சிமெண்டு பெஞ்சு. அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அம்மா, மடியில் ஃபைல், ஃபைலின் மேல் ஒரு கை, காற்றில் பறந்துவிடும் என்பது மாதிரி. ஐந்து மணிக்கு முடிவை ஒட்டுவார்கள், அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா கொய்யாப்பழத்தை நகத்தால் பிளந்து பாதியை மகளுக்கு நீட்டினாள், அது வேண்டாம் என்று தலையாட்டியது, அம்மா விடவில்லை, வாய்க்குக் கிட்டத்திலேயே கொண்டுபோனாள். கோகிலா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். நகர்ந்திருக்க வேண்டியதில்லை, நகர்ந்ததில்தான் அந்தப் பெண் நிமிர்ந்தது. பார்த்துவிட்டது. பார்த்து, ஐயோ, சிரித்தது. வாயில் கொய்யாவோடு, அம்மாவின் தோளைத் தட்டி, மேலே கையைக் காட்டி, என்னவோ சொன்னது. என்ன சொல்லியிருக்கும், கேட்கவா வேண்டும். இவங்கதாம்மா, தமிழ்ல பேசச் சொன்ன மேடம் இவங்கதான். அம்மா சட்டென்று எழுந்தாள், கையைப் புடவையில் துடைத்தாள், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். கோகிலா என்ன செய்தாள் தெரியுமா? சும்மா நின்றிருக்கலாம், உள்ளே போயிருக்கலாம், பதிலுக்குக் கும்பிட்டாளே பாவி! கும்பிட்ட கையை இறக்க முடியவில்லை. அந்த அம்மா இன்னும் கும்பிட்டபடி நிற்கிறாள், இவளும் கும்பிட்டபடி நிற்கிறாள். போன மூன்று வருஷமும் ஆறாவது இடம் காலி. மூன்று வருஷமும் 'தகுதியானவர் இல்லை' என்ற வரிக்குக் கீழே நாலாவது கையெழுத்து அவளுடையது, தெளிவாக, முழுப் பெயரோடு. அந்த மூன்று பேர் யார் யார் என்று நினைத்துப் பார்த்தாள். ஒரு பையனுக்கு இடது காதில் கடுக்கன் இருந்தது. மற்ற இரண்டு முகமும் வரவில்லை, எவ்வளவு இழுத்தாலும் வரவில்லை. மூன்று பேருக்கும் எத்தனை குறைத்தாள் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

"கோகிலா மேடம், தனியா நிக்கிறீங்க." விஸ்வநாதன். செருப்புச் சத்தமே கேட்கவில்லை, மனுஷர் பூனை மாதிரி நடப்பார். கையை இறக்கினாள். அவர் கீழே பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், புரிந்துகொண்டார், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு மார்க்தானே மேடம். நீங்க பன்னண்டுன்னு மாத்திட்டீங்கன்னா கரெக்டா ஐம்பது. பென்சில்தானே, யாரு என்ன சொல்லப்போறாங்க?" கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டதே சார் என்றாள், எதையாவது சொல்ல வேண்டும் என்று. "ஏத்தினா என்ன, தாள்ல கடைசியில காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, 'கூட்டல் பிழை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது. எத்தனையோ தடவ போட்டிருக்கோம். உங்க பொண்ணு மாதிரி பொண்ணு. நல்லாத்தான் பேசினா, அந்த பஸ் கதை." கதை. நல்ல மனுஷர்தான், கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும், பதினேழு போட்டவர் இவர், அவளைவிட ஆறு கூட. "சார், நீங்க ஏன் பதினேழோட நிறுத்தினீங்க?" கேட்டே விட்டாள், வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அவர் கொஞ்சம் திகைத்தார், பிறகு சிரித்தார். "இருபதுக்கு மேலயே போடலாம்னுதான் இருந்தேன் மேடம். பக்கத்துல நீங்க பதினொண்ணு போட்டீங்க. உங்களுக்குத்தான் இந்தப் பிள்ளைங்களப் பத்தி எங்களவிட நல்லாத் தெரியும், நாம ஏமாந்துட்டமோன்னு கொஞ்சம் குறைச்சேன்." சொல்லிவிட்டு மணியைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கோகிலா கட்டைச்சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளைப் பார்த்துக் குறைத்திருக்கிறார்! அவர் குறைத்ததைப் பார்த்து ஹேமலதா, ஹேமலதாவைப் பார்த்துக் குணசேகரன். மேஜையில் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரை. இவர்கள் சிரிப்பார்களே என்று இவள் பயந்து குறைக்க, இவளே குறைக்கிறாளே என்று அவர்கள் குறைக்க, கீழே ஒரு பொம்பளை கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள். அடக் கடவுளே. பத்து வருஷமாக இதுதான் நடந்ததா? கறார் மேடம் என்ற பட்டம் இதற்குத்தானா? சரி சரி, பதறாதே, ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை, பன்னிரண்டு போடலாம். ஒன்றை ரப்பரால் தேய்த்து இரண்டாக்க எவ்வளவு நேரம் ஆகும்? கூட்டல் பிழை, கையெழுத்து, ஐம்பது, இடம். அந்தப் பெண் படிக்கும், கெட்டிக்காரி, முதல் செமஸ்டரிலேயே எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பன்னிரண்டு போட்டால் எல்லாருக்கும் நல்லது, யார் முகமும் கோணாது, விஸ்வநாதனுக்கு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி, பிரதிநிதி மேடமும் மனசு இரங்கிட்டாங்க. இரங்கிட்டாங்க. அதுதான் இடித்தது. சரியாக ஐம்பது, புள்ளி பூஜ்யம் பூஜ்யம், யார் பார்த்தாலும் தெரியும், ஐம்பது ஆக்கப்பட்ட ஐம்பது. ஜூலையில் அந்தப் பெண் ஹாஸ்டலுக்கு வரும், பெட்டியை வைக்கும், குளிக்கப் போகும். இப்போதெல்லாம் கண்ணாடிப் பெட்டி இல்லை, போனிலேயே பிள்ளைகள் ஒருத்தர் மார்க்கை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்கள். ஃபிஃப்டி குளிக்கப் போயிருக்கா. கோகிலா காதைப் பொத்திக்கொண்டாள், வராந்தாவில், பட்டப்பகலில், பைத்தியக்காரி மாதிரி. ஐம்பத்திரண்டு ஆனாலும் அதைத்தானே சொல்வார்கள்? சொல்வார்கள்தான். ஆனால் அந்தப் பெண் வாங்கின மார்க்கைச் சொல்வார்கள், நாம் தானம் போட்டதை அல்ல. இருபத்திரண்டு. அதுதான் வந்து நின்றது, அதுதான் முதலில் வந்தது. ஆனால் பதினொன்றிலிருந்து இருபத்திரண்டுக்கு எப்படிப் போவது? எந்த முகத்தை வைத்துக்கொண்டு? கேட்பார்களே, டீ குடிக்கப் போன இடத்தில் என்ன மேடம் ஞானோதயம் என்று குணசேகரன் கேட்பாரே, கட்டாயம் கேட்பார், அவர் வாய் சும்மா இருக்காது. பொங்குதே. கேட்கட்டுமே. கேட்டால் என்ன சொல்வாய்? தெரியாது. நாலு இருபத்தெட்டு. மறுபடி ஒரு தரம் கீழே பார்த்தாள், அம்மா உட்கார்ந்துவிட்டிருந்தாள், பெண் கொய்யாவைத் தின்றுகொண்டிருந்தது, நிம்மதியாக, முழுப் பழத்தையும்.

உள்ளே மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள், ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது. விஸ்வநாதன் ரப்பரை மேஜையின் மேல் அவள் பக்கமாகத் தள்ளினார், மெதுவாக, மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்பது மாதிரி. மற்றவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது, ஹேமலதா மேடம் தன் வளையலைப் பார்த்தாள். கோகிலா ரப்பரைத் தொடவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தாள், மூடியைக் கழற்றினாள், மூடி கை தவறிக் கீழே உருண்டது, அதை எடுக்கக் குனியவில்லை. பதினொன்றின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் இருபத்திரண்டு என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினாள். "இருபத்திரண்டா?" குணசேகரன் எட்டிப் பார்த்தார். "மேடம், ஐம்பதுக்குப் பன்னண்டே போதும், கணக்கு தப்பிடுச்சோ?" "இல்ல சார். எவ்வளவு போதும்னு பாத்து எழுதல. அந்தப் பொண்ணுக்கு நான் இருபத்திரண்டுதான் நினைச்சேன். பஸ் ஸ்டாப்பு விஷயம் அவ சொன்னப்பவே நினைச்சேன்." குரல் நடுங்குவது அவளுக்கே கேட்டது, நடுங்கினால் நடுங்கட்டும். "அப்ப பதினொண்ணு?" என்றாள் ஹேமலதா மேடம், கேலியாக இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். விஸ்வநாதன் அவசரமாகக் குறுக்கே வந்தார். "அதெல்லாம் எதுக்கு, காரணம் கட்டத்துல கூட்டல் பிழைன்னு போடுங்க மேடம், நேரமாகுது, வெளிய காத்துட்டிருக்காங்க." கோகிலா ஆபீஸ் அம்மாவைப் பார்த்தாள். "நீங்க கூட்டினதுல பிழை ஏதாவது இருந்துச்சாம்மா?" "இல்ல மேடம், ரெண்டு தடவ கூட்டினேன்." "இல்லல்ல." பேனாவைக் கட்டத்துக்குக் கொண்டுபோனாள். பிரதிநிதியாக உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டத்தில் அவள் ஒரு எழுத்துகூட எழுதியதில்லை, எவ்வளவு சின்னக் கட்டம், இரண்டு வார்த்தைக்கு மேல் கொள்ளாது. 'பயந்து போட்டது' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள், தேதி போட்டாள், தாளை விஸ்வநாதன் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் படித்தார். ஹேமலதா மேடம் சாய்ந்து படித்தாள். குணசேகரனுக்குத் தாள் போய்ச் சேர்ந்தபோது அவர் என்னவோ சொல்ல வாயெடுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. ஆபீஸ் அம்மா கம்ப்யூட்டரில் எண்ணை மாற்றினாள், ஐம்பத்திரண்டு புள்ளி ஐந்து என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள், பிறகு விரலை எழுத்துகளின் மேல் வைத்தபடி தயங்கினாள். "காரணம்கிறதுல இதை இப்படியே அடிக்கவா மேடம்?" "இப்படியே அடிங்கம்மா" என்றாள் கோகிலா, குனிந்து மேஜைக்கடியில் பேனா மூடியைத் தேடிக்கொண்டே.